சிந்தெடிக் சீஸ்மோகிராம் 40 மில்லிசெகண்ட் முன்னாலேயே வருகிறது, எங்கே தப்பு?

கஞ்சமலை:
சேலத்தில் முதுகலை புவியியல் புராஜெக்ட். கிணற்று லாக்குகளிலிருந்து (கிணற்றுக்குள் ஆழவாரியாக எடுத்த அளவீடுகள்) சிந்தெடிக் சீஸ்மோகிராம், அதாவது கணக்கிட்டு வரையும் எதிரொலிப் பதிவு, செய்து உண்மையான சீஸ்மிக் தரவோடு பொருத்துகிறேன். நம்ம ஊர்க் கருங்கல்லில் எண்ணெய்க் கிணறு ஏது? அதனால் காவிரிப் படுகைக் கிணறு ஒன்றின் தரவை எடுத்திருக்கிறேன். சோனிக் (பாறையை ஒலி கடக்கும் நேரம்), டென்சிட்டி (அடர்த்தி) லாக்குகள் 450 மீட்டரில் தொடங்கி 1,880 மீட்டரில் முடிகின்றன. கடைசி 10 மீட்டர் பேஸ்மென்ட் (வண்டலுக்கு அடியிலுள்ள கெட்டிப் பாறை). கெல்லி புஷிங் (லாக் ஆழம் தொடங்கும் ரிக் புள்ளி) கடல் மட்டத்துக்கு 10 மீட்டர் மேலே; சீஸ்மிக் டேட்டம் (நேரம் பூஜ்யமாகத் தொடங்கும் மட்டம்) கடல் மட்டம்.

லாக் இல்லாத மேல்பகுதி 450 மீட்டருக்கும் 2,000 மீ/வி போட்டேன், வேவ்லெட் (கணக்கில் போடும் அலைத் துடிப்பு) 25 ஹெர்ட்ஸ் ரிக்கர் வகை. சிந்தெடிக் மேலே 40 மி.செ., அடியில் 52 மி.செ. முன்னதாக வருகிறது. நாலு இடத்தில் இழுத்துச் சுருக்கினால் கோரிலேஷன் (இரண்டும் ஒத்துப்போகும் அளவு, முழுப் பொருத்தம் 1) 0.81. ஆனால் 60 மீட்டர் ஷேல் ஒன்று 28 மி.செ. ஆகிவிட்டது. பேஸ்மென்ட் உச்சியும் மங்கலாகத் தெரிகிறது. செக்‌ஷாட்டில் (மேலே அதிர்வு கொடுத்துக் கிணற்றுக்குள் நேரடியாக நேரம் அளப்பது) 450 மீட்டருக்கு, டேட்டம் திருத்தியபின், ஒருவழி நேரம் 245 மி.செ.

திருமணிமுத்தாறு:
அந்த 0.81-ஐ முதல்ல மறந்துடுங்க. 60 மீட்டர் 28 மி.செ. என்றால் வேகம் 4,286 மீ/வி. அதே ஷேலில் சோனிக் என்ன காட்டுது? அடிக்கு 100 மைக்ரோசெகண்ட் பக்கம் இருந்தால் 3,048 மீ/வி, அதாவது 39 மி.செ. வந்திருக்கணும். பக்கத்து அலையோடு பொருத்தி வச்சிருக்கீங்க.

40 மி.செ.க்கு விடை உங்க கேள்வியிலேயே இருக்கு. செக்‌ஷாட் இருவழி நேரம் 490. நீங்க போட்டது 450. டேட்டத்திலிருந்து 440 மீட்டர்தான், அதை 245 மி.செ.ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,800 மீ/வி. மொத்தமாக நகர்த்துங்க, இழுக்க வேண்டாம்.

மீதி 12 மி.செ. டிரிஃப்ட், அதாவது சோனிக் தரும் நேரத்துக்கும் சீஸ்மிக் நேரத்துக்கும் உள்ள விலகல். சோனிக் கருவி கிலோஹெர்ட்ஸில் அளக்குது, சீஸ்மிக் சில பத்து ஹெர்ட்ஸ்; குறைந்த அதிர்வெண்ணில் அலை சற்று மெதுவாகப் போகும். 1,430 மீட்டருக்கு 12 என்பது பயப்படற அளவு இல்லை. டிரிஃப்ட் கோட்டை இரண்டு மூன்று பாறை எல்லைகளில் மட்டும் மடக்குங்க. செக்‌ஷாட் புள்ளிக்குப் புள்ளி மடக்கினால் வேகத்தில் படி விழும், இல்லாத ரிஃப்ளெக்ஷன் முளைக்கும். நான் என்றால் திருத்தத்தை ஆழம்–நேர அட்டவணைக்கு மட்டும் கொடுப்பேன். இம்பீடன்ஸுக்கு (வேகம் × அடர்த்தி) மூல சோனிக்கையே வைப்பேன்.

சேர்வராயன்:
காலிப்பரை (கிணற்று விட்டம் காட்டும் லாக்) பார்த்தீங்களா தம்பி? 8.5 அங்குல பிட்டுக்கு 13, 14 அங்குலம் காட்டுகிற இடத்தில் டென்சிட்டி கருவி பாறையோடு சேற்றையும் சேர்த்துப் படிக்கும். அடர்த்தி 2.3 கிராம்/க.செ.மீ. இருக்க வேண்டியது 1.9 ஆனால், வேகம் மாறாவிட்டாலும் 0.095 எதிரொலிப்புக் குணகம். அத்தனையும் பொய். அங்கே கார்ட்னர் சமன்பாட்டில் (அடர்த்தி = 0.31 × வேகத்தின் நான்காம் மூலம்) நிரப்புங்க, 3,000 மீ/வி-க்கு 2.29 வரும். சோனிக்கில் ஊசி மாதிரி நிற்கும் சைக்கிள் ஸ்கிப்பை (கருவி முதல் அலையைத் தவறவிட்டுக் காட்டும் பொய் அளவு) அதற்கும் முன்னாலேயே வெட்டிவிடணும்.

பேஸ்மென்ட் மங்குவதற்கு இரண்டு காரணம். 5,800 மீ/வி-யில் 10 மீட்டர் என்பது வெறும் 3.4 மி.செ. அதோடு லாக் முடிவதால் வேவ்லெட்டின் கீழ்ப்பாதி வெட்டுப்படுது. 100 மி.செ. வேவ்லெட்டுக்குக் கீழே 50 மி.செ. வேணும், அதாவது மாறாத மதிப்பில் 145 மீட்டர் நீட்டுங்க.

இரண்டாவது, சிதைவு. ஏற்காடு மலைப்பாதையில் வெட்டிய முகப்பைப் பாருங்க: மேலே செம்மண், நடுவில் வெங்காயத் தோல் மாதிரி உரியும் உருண்டைக் கல், அதற்கடியில்தான் கெட்டியான சார்னோகைட். புதையுண்ட பேஸ்மென்ட் உச்சியும் இப்படிச் சிதைந்திருந்தால் வேகம் படிப்படியாகத்தான் ஏறும். வண்டல் 3,500 மீ/வி, 2.45, புதுப் பாறை 5,800, 2.7 என்றால் குணகம் 0.29. அது ஒரே இடத்தில் விழாமல் பிரிந்து விழும். அதனால் நீட்டும்போது சிதைந்த அடியின் மதிப்பை நீட்டாதீங்க, கெட்டிப் பாறையின் மதிப்பைப் போடுங்க. லாக்கின் கடைசிச் சில மீட்டர் நேர்கோடாக இருந்தால் அது அளவீடே இல்லை, தள்ளிடுங்க.

கஞ்சமலை:
இழுப்பையெல்லாம் எடுத்துட்டேன் சார். மொத்தமா நகர்த்தி, டிரிஃப்ட்டும் கொடுத்தபின் 0.68. வேவ்லெட்டின் ஃபேஸைச் சுழற்றிப் பார்க்கலாமா?

திருமணிமுத்தாறு:
பார்க்கலாம், 500 மி.செ. சாளரத்துக்குக் குறையாம. 30 டிகிரிக்குள் நின்றால் ஏற்கலாம். 180 பக்கம் போனால் சீஸ்மிக்கின் போலாரிட்டியே தலைகீழ். பேஸ்மென்ட் உச்சி உங்க தரவில் பீக்கா (அலை மேடு), டிரஃபா (அலைப் பள்ளம்) என்று பாருங்க, தெரிஞ்சிடும்.