யுகுலேலேயில் மாற்று டியூனிங்: பிடித்த பாடல்களை வாசிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது சோப்ரானோ என்ற சிறிய அளவு யுகுலேலே (நான்கு தந்திகள் கொண்ட, கிட்டார் போன்ற வாத்தியம்). ஜி-சி-இ-ஏ என்ற வழக்கமான டியூனிங்கில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடித்துப் பாடுவது பழகிவிட்டது. இப்போது பிடித்த பாடல்களின் மெட்டையே தந்தியில் வாசிக்க ஆசை.

அதற்காக ஏ தந்தியை மட்டும் ஜி-க்கு இறக்கியிருக்கிறேன். எதையும் அழுத்தாமல் மீட்டினாலே சி மேஜர் கேட்கிறது. ஒரே விரலை 5-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி) குறுக்கே வைத்தால் எஃப், 7-இல் வைத்தால் ஜி. சி-யை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் திறந்த தந்திகள் ப-ஸ-க-ப. மெட்டு ஓடும்போது ஸ-வும் ப-வும் கூடவே ஒலிப்பது அவ்வளவு இதம்! இதை விட்டு வர மனமில்லை.

சிக்கல் மைனர் பாடல்களில்தான். திறந்த இ தந்தி மெட்டோடு மோதுகிறது. அதை அரை ஸ்வரம் இறக்கி சி மைனராக வைப்பதா, இல்லை அந்தத் தந்தியைத் தொடாமலே வாசிப்பதா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

அப்புறம், ஜி-பி-டி-ஜி வைத்தால் தந்திகள் தளர்ந்து ஃப்ரெட்டில் உரசுகின்றன. தடித்த தந்தி போட்டால் சரியாகுமா? கீழ் ஸ்தாயி ஜி-க்குத் தனித் தந்தி வாங்க வேண்டும் என்பது தெரியும். சோப்ரானோ அளவில் அது நன்றாக ஒலிக்குமா?

ஒரு பாடலைக் கேட்டதும் எந்த டியூனிங் பொருந்தும் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். இந்த டியூனிங்குகளில் டேப் (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று காட்டும் குறிப்பு) எழுதி வைத்திருப்பவர்கள் அதையும் பகிர்ந்தால் பெரிய உதவி.