சூடான வியாழன்கள் உள்ளே வந்த வழி எது?

வானம்பாடி:
1995-இல் வானியலாளர்கள் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனின் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) 4.2 நாளுக்கு ஒரு முறை முன்னும் பின்னும் நகர்வதைக் கண்டார்கள். சூரியனுக்குப் புதன் இருப்பதைவிட ஏழு மடங்கு நெருக்கத்தில், வியாழனின் நிறையில் ஏறக்குறையப் பாதியாவது கொண்ட கோள் ஒன்று அந்த விண்மீனைச் சுற்றி, ஈர்ப்பால் அதை அசைக்கிறது என்பதே அதன் பொருள். இப்படி விண்மீனை ஒட்டிச் சுற்றும் பெரிய வாயுக் கோள்களே சூடான வியாழன்கள். தொலைவில் பிறந்த கோள், தன்னைச் சூழ்ந்திருந்த வாயுத் தட்டால் இழுபட்டு மெல்ல உள்ளே வந்தது என்பதே இதற்கு எளிய விளக்கம். மறுப்பவர்கள் காரணம் சொல்லலாம்.

அரைநிலவு:
மறுக்கிறேன். தட்டு விண்மீனின் திசையிலேயே சுழல்வதால், அதோடு அமைதியாக வந்த கோளும் விண்மீன் சுழலும் திசையிலேயே சுற்ற வேண்டும். வாஸ்ப்-17பி என்ற சூடான வியாழனோ எதிர்த்திசையில் சுற்றுகிறது. சுழலும் விண்மீனில் நம்மை நோக்கி வரும் பாதியின் ஒளி நீலப் பக்கமும், விலகிச் செல்லும் பாதியின் ஒளி சிவப்புப் பக்கமும் சாய்ந்திருக்கும். குறுக்கே கடக்கும் கோள் எந்தப் பாதியை முதலில் மறைக்கிறது என்று பார்த்தே திசையைச் சொல்லிவிடலாம். (இவ்வளவு எளிய உத்தி வானியலில் அரிது.) இன்னொரு கோளின் அல்லது துணை விண்மீனின் ஈர்ப்பால் பாதை நீள்வட்டமாக நீண்டு, பிறகு ஓதவிசையால் (கடலில் ஓதம் எழுப்புவது போன்ற ஈர்ப்பு இழுவிசையால்) சுருங்கியவை இந்தச் சூடான வியாழன்கள். அந்தப் பயணத்தின் நடுவில் இருப்பது போலவே ஹெச்டி 80606பி என்ற கோள் தெரிகிறது: பூமி-சூரியன் தொலைவில் 0.88 பங்கு வரை விலகிப் போய், 0.03 பங்கு வரை நெருங்குகிறது. நெருங்கிய வேளையில் ஸ்பிட்சர் தொலைநோக்கி பார்த்தபோது, ஆறே மணி நேரத்தில் அதன் வெப்பம் சுமார் 800 கெல்வினிலிருந்து 1500 கெல்வினுக்கு ஏறியது.

வானம்பாடி:
அப்படியானால் வாஸ்ப்-47 அமைப்பை எப்படி விளக்குவீர்கள், நண்பரே? அங்கே 4.2 நாள் சுற்றும் பெரிய கோளுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகச் சிறு கோள்கள் இருப்பதை 2015-இல் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு காட்டியது. நீள்வட்டத்தில் பாய்ந்து வந்த கோள் அவற்றை வீசி எறிந்திருக்கும். தவிர, குளிர்ந்த விண்மீன்களைச் சுற்றும் சூடான வியாழன்கள் பெரும்பாலும் நேராகவே, அதாவது விண்மீனின் சுழற்சிக்குச் சாயாமல், சுற்றுகின்றன.

அரைநிலவு:
அந்த நேர்த்தன்மை உங்களுக்குச் சான்றாகாது. குளிர்ந்த விண்மீன்களின் வெளியடுக்கில் தடித்த கொதிப்பு மண்டலம் (சூடான வாயு மேலெழுந்து, குளிர்ந்து கீழிறங்கும் பகுதி) உண்டு. ஓதவிசை அதன்மீது செயல்பட்டுப் பழைய சாய்வை அழித்துவிடக்கூடும். அவ்வளவு தடித்த மண்டலம் இல்லாத வெப்பமான விண்மீன்களில் சாய்வு அதிகம் காணப்படுவதைக் கவனியுங்கள். வாஸ்ப்-47 போல நெருங்கிய துணையோடு இருப்பவையும் சிலவே. பெரும்பாலானவை தனியாகவே சுற்றுகின்றன.

வானம்பாடி:
நேர்த்தன்மையைப் பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வாஸ்ப்-47 உங்கள் வழியில் வந்திருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே வழி என்று நாம் இருவரும் பிடிவாதம் பிடித்ததுதான் பிழையோ என்று இப்போது தோன்றுகிறது.