அப்பாவின் சிபேப் மாஸ்க் கண் பக்கம் லீக் ஆகிறது, இறுக்கினால் மூக்கில் புண். வழி சொல்லுங்கள்

நெல்லை மகள்:
அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. தூக்கத்தில் மணிக்கு 42 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று ஸ்லீப் ஸ்டடியில் வந்தது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் ஆட்டோ சிபேப் மெஷின் வாங்கினோம், காற்றழுத்தம் 6 முதல் 14 வரை. வாயைத் திறந்து தூங்குகிறவர் என்பதால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க், மீடியம் சைஸ் கொடுத்தார்கள். கடையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோது சரியாக இருந்தது. வீட்டில் நடுராத்திரி ஆனால் புர்ர் என்று சத்தம், காற்று நேராகக் கண்ணுக்குள் அடிக்கிறது. அம்மா எழுந்து பட்டையை இறுக்குவார். கொஞ்ச நேரம் அடங்கும், அப்புறம் பழையபடிதான். இப்போது மூக்குத் தண்டில் தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவும் பாதித் தூக்கத்தில் கழற்றித் தலையணை பக்கத்தில் வைத்துவிடுகிறார். காலையில் மெஷினில் பார்த்தால் லீக் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல், ஏஹெச்ஐ (மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 15. மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க்குக்கு மாறலாமா? தம்பி மீசையை எடுக்கச் சொல்கிறான். அந்தப் பேச்சையே அப்பாவிடம் எடுக்க முடியாது.

சேலத்துக்காரர்:
முதலில் அம்மாவிடம் இறுக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள் தங்கச்சி. மாஸ்க்கின் சிலிகான் விளிம்பு காற்று நிரம்பி உப்பினால்தான் முகத்தோடு ஒட்டும். பட்டையை இழுக்க இழுக்க அந்த விளிம்பு மடிந்து இன்னும் லீக் ஆகும். லீக் ஆகும்போது மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஓர் அங்குலம் முன்னால் இழுத்து, விளிம்பு உப்பியதும் மெதுவாகத் திரும்ப வையுங்கள். பாதி லீக் இதிலேயே நிற்கும். பட்டையைச் சரிசெய்வதாக இருந்தால் அப்பா படுத்திருக்கும்போது, அழுத்தம் ஏறிய பிறகு செய்யுங்கள். உட்கார்ந்திருக்கும் முகம் வேறு, மல்லாந்து படுத்த முகம் வேறு. கன்னம் காதுப் பக்கம் சரிந்துவிடும்.

ஸ்லீப் லேப் டெக்னீஷியன்:
மேலே சொன்னது சரி. மாஸ்க்கை மாற்றும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். அப்பா பல்செட் போடுகிறவரா? இரவு படுக்கும் முன் முகத்தில் எண்ணெய், கிரீம் ஏதாவது தடவுகிறாரா? ஒரு மூக்குத் துவாரத்தை விரலால் அடைத்து மற்றதில் மூச்சு விடச் சொன்னால் தாராளமாக விடுகிறாரா?

நெல்லை மகள்:
மேலும் கீழும் முழு பல்செட் அண்ணா. படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுவார். கடைக்குப் போனபோது போட்டிருந்தார். ராத்திரி தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பார், நெற்றி வரை வழியும். மூக்கு வலது பக்கம் நன்றாக இருக்கிறது, இடது பக்கம் எப்போதும் கொஞ்சம் அடைப்பு.

ஸ்லீப் லேப் டெக்னீஷியன்:
எனக்கு முக்கியமாகப் படுவது பல்செட். அதைக் கழற்றினால் உதடும் கன்னமும் உள்ளே போகும், தாடை மேலேறி முகத்தின் உயரமே குறையும். ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கின் கீழ் விளிம்பு கீழுதட்டுக்கும் தாடைக்கும் நடுவே உட்கார வேண்டும். முகம் சுருங்கியதும் அந்த இடத்தில் பிடிமானம் போய், மாஸ்க் மொத்தமும் மேலே ஏறுகிறது. மேல் விளிம்பு கண்ணை நெருங்குவது அதனால்தான். பகலில் எடுத்த அளவு இரவு முகத்துக்குப் பெரிது. பல்செட் இல்லாமல், வாயை லேசாகத் திறந்தபடி, மூக்குத் தண்டிலிருந்து கீழுதட்டுக்குக் கீழ் வரை திரும்ப அளவெடுக்கச் சொல்லுங்கள். ஸ்மால் சைஸ் சரியாக வரலாம். பல்செட்டோடு தூங்கட்டும் என்று யாராவது சொன்னால் பல் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள், சர்க்கரை உள்ளவருக்கு ஈறு புண்ணாகும்.

எண்ணெய் பட்ட தோலில் சிலிகான் வழுக்கும். எண்ணெயைக் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவட்டும். மாஸ்க்கில் முகத்தைத் தொடும் சிலிகான் குஷனைத் தினமும் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள்.

நேசல் மாஸ்க் பற்றி: மூக்கு தாராளமாக இருந்தால் பெரும்பாலும் அதுதான் நல்லது. ஃபுல் ஃபேஸ் மாஸ்க் தாடையைப் பின்னால் தள்ளுவதால் சிலருக்கு அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படும். வாய் திறந்து தூங்குகிறவர் என்பதற்காக மட்டும் நேசல் மாஸ்க்கைத் தள்ளிவிட வேண்டாம். மூக்கு அடைப்பால் வாய் திறக்கிறவர்கள் நிறைய. இடது பக்க அடைப்பை ஈஎன்டி மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். வாயில் டேப் ஒட்டும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

காங்கேயம் மீசை:
மீசையை எடுக்கத் தேவையில்லை, எனக்கும் பெரிய மீசைதான். நேசல் மாஸ்க்கின் கீழ் விளிம்பு மேலுதட்டில் உட்காரும், அங்கே முடி இருந்தால் காற்று கசியும். நேசல் பில்லோ துவாரத்தின் வாயிலிலேயே அடைத்து உட்கார்வதால் அவ்வளவு தொந்தரவு இல்லை. ஃபுல் ஃபேஸ் மாஸ்க் மீசையைச் சுற்றிப் போய்விடும், அதற்குத் தாடிதான் எதிரி. மூக்குத் தண்டைத் தொடாமல் மூக்குக்குக் கீழே உட்காரும் ஃபுல் ஃபேஸ் வகையும் இருக்கிறது. மூக்கில் புண் உள்ளவருக்கு நிம்மதி. ஆனால் அதில் மூக்கடியில் மீசை படும், போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்லீப் லேப் டெக்னீஷியன்:
ஒன்று விட்டுப்போனது. பல மாஸ்க்குகளில் பட்டைக் கொக்கியில் காந்தம் இருக்கும். வீட்டில் யாருக்காவது, பக்கத்தில் படுப்பவருக்கும் சேர்த்துத்தான், பேஸ்மேக்கர் இருந்தால் காந்தம் இல்லாத மாஸ்க் கேளுங்கள்.

நெல்லை மகள்:
பல்செட் இல்லாமல் படுக்க வைத்து அளவெடுத்தார்கள், ஸ்மால்தான் வந்தது. மூக்குப் புண்ணை மருத்துவர் பார்த்து புண் மேல் ஒட்டும் ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்திரி போடச் சொன்னார். நேற்று லீக் 12, ஏஹெச்ஐ 4. விடிகிற வரை மாஸ்க் முகத்திலேயே இருந்தது என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. ஈஎன்டி பார்த்த பிறகு நேசல் பற்றி யோசிக்கிறோம். இன்னொரு சந்தேகம், எங்கள் பக்கம் ராத்திரி கரண்ட் போகும். இன்வெர்ட்டர் தாங்குமா?

சேலத்துக்காரர்:
தாங்கும் தங்கச்சி. அதிகம் கரண்ட் இழுப்பது காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரின் சூடாக்கிதான். கரண்ட் போகும் இரவுகளில் அதையும் ஹீட்டட் டியூபையும் (சூடாகும் காற்றுக் குழாய்) அணைத்துவிடுங்கள், பேட்டரி வெகுநேரம் வரும். மெஷின் நின்றுபோனாலும் பயம் வேண்டாம், ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் வெளிக்காற்று உள்ளே வர ஒரு வால்வு இருக்கிறது. குஷன் கழுவும்போது அந்த வால்வு மடல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.