கரண்ட் வேலைக்கு ஆள் பிடித்த கதைகள்: மட்டக்களப்பு, அம்பாறை

கல்லடிக்காரன்:

போன மாரியில் நடந்தது. வீடு கட்டி ஐந்து வருடம். வயரிங் செய்தவர் மேசன் பாஸ் கூட்டி வந்த ஆள். "நம்மட பெடியன்தான், வேலை சுத்தம்" என்றார். ஓடு எங்கே எடுத்தது, சீமெந்து என்ன ரகம் என்று நூறு கேள்வி கேட்ட நான், சுவருக்குள் கரண்ட் விடுகிற மனிதனிடம் கேட்டது ஒன்றுதான்: "பொயின்ட்டுக்கு எவ்வளவு?"

கார்த்திகையில் மழை பிடித்த இரண்டாம் நாள் ட்ரிப் சுவிட்ச், அதுதான் கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை வெட்டுகிற சுவிட்ச், விழத் தொடங்கியது. தூக்கி விட்டால் ஐந்து நிமிடம் நிற்கும், திரும்ப விழும். அதே ஆளைக் கூப்பிட்டேன். போர்ட்டைக் கழற்றி, ஒரு துண்டு வயரை வெட்டி எதையோ எதோடோ இணைத்து, பத்து நிமிடத்தில் மூடிவிட்டார். "ட்ரிப் சுவிட்ச் பழுது அண்ணே, இனி விழாது." உண்மைதான், அதற்குப் பிறகு விழவேயில்லை.

அடுத்த நாள் விடிய, ஈரக்காலோடு ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்ட மனைவி கத்தினாள். நல்ல காலம், கை விறைத்ததோடு போயிற்று. ஃப்ரிட்ஜ்தான் பழுது என்று பிளக்கைக் கழற்றி வைத்தோம். பின்னேரம் ரைஸ் குக்கரும் சுர்ரென்றது. அப்புறம்தான் எனக்கு வயிறு கலங்கியது.

பக்கத்து வீட்டு சேர் வேறொருவரை அனுப்பினார். அவர் வந்ததும் மெயின் சுவிட்சை இறக்கினார், பையிலிருந்து மெகரை எடுத்தார், வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற கருவி. ஒவ்வொரு லைனாகப் பார்த்துக்கொண்டு போய், கடைசியில் கேட் லைட்டில் நின்றார். தூணில் இருந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே மழைத்தண்ணீர், அதில் மிதக்கிற எறும்புகள்.

பழுது கேட்டில் இருக்க, அடி எப்படிக் குசினியில்? வீட்டு எர்த் வயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் மண்ணில் இறக்கிய கம்பிக்குப் போகின்றன என்று விளங்கப்படுத்தினார். கம்பி ஈர மண்ணைப் பிடித்து நின்றால் கசிகிற கரண்ட் அதன் வழியே இறங்கும், ட்ரிப் சுவிட்சும் உடனே விழும். கம்பி பிடிக்கவில்லை, ட்ரிப் சுவிட்சையும் விலத்தி லைனை டைரக்ட் பண்ணியாயிற்று என்றால், கேட்டில் கசிந்தது எர்த் வயர் வழியே ஃப்ரிட்ஜ், குக்கர், மோட்டார் என்று எல்லாத் தகரத்திலும் ஏறி நிற்கும்.

பின்பக்கம் போய் எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தேன். வெங்காயத்தாள் பிடுங்குகிற மாதிரிக் கையோடு வந்தது. ஒரு முழம்கூட இல்லை. பில்லில் நாலடிக் கம்பிக்குக் காசு கொடுத்திருக்கிறேன். மிச்சம் இன்னும் இரண்டு வீட்டுக்கு எர்த் ஆகியிருக்கும். எங்கள் கடற்கரை மணலில் மேல் ஓரடி காய்ந்துவிட்டால் கரண்ட் இறங்காதாம், ஈரம் இருக்கிற ஆழத்துக்குக் கம்பி போக வேண்டும்.

இதில் என் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. மீட்டர் எடுக்கும்போது டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டார்கள். அதையும் அந்த ஆளே "எடுத்துத் தாறேன்" என்றார், காசைக் கொடுத்தேன். அதில் எர்த் அளவு அழகாக எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் எங்கள் கடப்படியைக்கூட மிதித்ததில்லை.

உங்கள் ஊரில் எப்படி? லைசன்ஸ், சான்றிதழ் என்று யாராவது கேட்டு ஆள் பிடித்திருக்கிறீர்களா?

நிந்தவூர் காக்கா:

நான் கேட்டேன். கேட்டும் பட்டேன். உம்மாவின் வீட்டுக்கு வந்தவரிடம் எல்லாப் பத்திரமும் இருந்தது, ஃபைலில் போட்டுக் காட்டினார். அவர் வந்தது அளவெடுக்க ஒரு நாள், காசு வாங்க ஒரு நாள். வேலை செய்தது இரண்டு பொடியன்மார். பிளக் பொயின்ட்டுக்கு 7/0.67 என்ற தடித்த வயர் போட வேண்டிய இடத்தில் லைட்டுக்குப் போடுகிற மெல்லிய 1/1.13 வயரை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அயன் பண்ணப் பண்ண சொக்கட் பழுப்பு நிறமாகிக்கொண்டு வந்தது, ஒரு நாள் கருகல் மணம். சுவரைத் திரும்பவும் கொத்தினோம்.

சான்றிதழ் யாருடையது என்பதோடு, சுவர் கொத்துகிற கை யாருடையது என்றும் கேளுங்கள். வயர் சுருளைக் கடையில் நீங்களே நின்று வாங்குங்கள்.

பொயின்ட் தம்பி:

நான் வயரிங் வேலை செய்கிறவன், களுவாஞ்சிகுடிப் பக்கம். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

மாமாவோடு சுவர் கொத்தப் போய்ப் பழகியதுதான், 18 வருடம். கட்டார் போக என்விகியூ, அதுதான் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், கேட்டார்கள் என்றுதான் சான்றிதழ் பக்கமே போனேன். அரசாங்கத்தின் தொழில் பயிலுனர் பயிற்சிச் சபையான நைட்டாவில் முன் அனுபவத்தை வைத்து மதிப்பிடுகிற முறை இருக்கிறது. வகுப்பில் இருக்கத் தேவையில்லை. செய்த வேலைகளின் படம், வேலை கொடுத்தவர்களின் கடிதம் எல்லாம் கோவையாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும், மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். வயர் இழுத்தேன், போர்ட் கட்டினேன், கையைப் பார்த்து அவருக்குத் திருப்தி. பிறகு மெகரைத் தந்து "டெஸ்ட் பண்ணிக் காட்டும்" என்றார். நான் அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். 18 வருடத்தில் நான் செய்த டெஸ்ட் எல்லாம் பல்பு எரிகிறதா என்பதுதான். 500 வோல்ட் டிசி கொடுத்து, வயர்களுக்கிடையில் குறைந்தது 1 மெகாஓம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. அதற்கு முன் செய்த வீடுகளை நினைத்தால் இன்றைக்கும் இரவில் கொஞ்சம் யோசனைதான்.

சரி, சான்றிதழ் எடுத்து வந்த பிறகு ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள்? இரண்டு பேர். தகுதி உள்ளவர்தான் வயரிங் செய்ய வேண்டும் என்று மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்துகிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அரசாங்கக் கட்டட ஒப்பந்தம் என்றால் கட்டுமானத் துறை அதிகார சபையான சீடாவின் பதிவு கேட்கிறார்கள். வீட்டுக்காரர் கேட்பதோ பொயின்ட் விலை. எர்த் கம்பி, 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் எல்லாம் எழுதி நான் எஸ்டிமேட் கொடுப்பேன், அதையெல்லாம் விட்டுவிட்டு இன்னொருவர் கொடுப்பார். வேலை அவருக்குத்தான். கல்லடி அண்ணனின் கம்பியை வெட்டியது கள்ளத்தனம்தான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த விலைக்கு யார் முழுக் கம்பி இறக்குவார்?

வெல்லாவெளி:

வேறு மாதிரி அனுபவம். வேளாண்மை குடலைப் பருவம், ஒவ்வொரு இரவும் யானை. வாடியில் இருந்த லைனிலிருந்து வேலிக்கு நேரே கரண்ட் கொடுக்கலாம் என்று பக்கத்து வயல்காரர்கள் சிலர் கதைத்தார்கள், நானும் தலையாட்டினேன். கூப்பிட்ட ஆள் வயல்வரை வந்தார், பார்த்தார், பையைத் திறக்கவேயில்லை. "யானை வேலிக்கு எனர்ஜைசர் இருக்குது. அது துடிப்புத் துடிப்பாய்த்தான் குடுக்கும், யானை அடிபட்டு விலகிப் போகும். நீங்க கேக்கிறது 230 வோல்ட், விடாது. விடியப்புறம் வரம்பில வாறது யானை மட்டுமில்ல அண்ணே." மோட்டார் சைக்கிள் எண்ணெய்க் காசுகூட வாங்காமல் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான். இப்போது வீட்டு வேலை எதுவென்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறேன். சான்றிதழ் இருக்கிறதா என்று இதுவரை கேட்டதில்லை, இதை வாசித்த பிறகு கேட்க வேண்டும் போலிருக்கிறது.

தம்பிலுவில் டீச்சர்:

வீட்டை விடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு லைட் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒட்டுப் போட்ட வயர், ஒட்டின் மேல் டேப்பும் பாதிதான், அதன் மேல் சனம் நடக்கிறது. ஒருமுறை நிர்வாகத்தில் இருந்த என் அண்ணனிடம் சொன்னேன். "அம்மன் பார்த்துக்கொள்வா" என்றார். அடுத்த வருடம் ட்ரிப் சுவிட்ச் வைத்த போர்ட் கொண்டு வந்தால்தான் காசு என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கொண்டு வந்தார்கள். இரவு இரண்டு தரம் விழுந்தது, எல்லாரும் என்னை முறைத்தார்கள்.

கல்லடிக்காரன்:

டீச்சருக்கு ஒரு கும்பிடு. பொயின்ட் தம்பி சொன்னது சுடுகிறது, ஆனால் சரி.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ட்ரிப் சுவிட்சில் 'T' (டெஸ்ட்) என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் விழ வேண்டும். விழுந்தால் சுவிட்ச் வேலை செய்கிறது என்று அர்த்தம், எர்த் கம்பி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கம்பியைத் தனியாக அளந்துதான் பார்க்க வேண்டும் என்றார் மெகரோடு வந்தவர். புதுக் கம்பியை அவர் அடித்து இறக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். நாலடியும் மண்ணுக்குள் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு.

பழைய துண்டுக் கம்பியை எறியவில்லை, மீட்டர் பெட்டிக்கு மேலே வைத்திருக்கிறேன். தம்பிக்கு வாழைச்சேனையில் வீடு எழும்புகிறது, வயரிங் இன்னும் தொடங்கவில்லை. அந்தப் பக்கம் மெகர் வைத்திருக்கிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.