நாய்க்குத் தெள்ளு, முள்ளங்கி இலையில் ஓட்டை: இரண்டும் ஒரே பூச்சியா?

மஞ்சக்குப்பம், கடலூர்:

வணக்கம். பத்து நாளாக நிம்மதி இல்லை, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய், ஆறு வயது. மழைக்கு ஒதுங்கி வந்து எங்களோடு தங்கிவிட்ட ஒரு பூனையும் உண்டு. அதற்கு ஆறு வாரக் குட்டி ஒன்று. மணி ராத்திரி முழுக்க வால் அடியைக் கடித்துக்கொண்டே இருக்கிறான், அங்கே முடி கொட்டிவிட்டது. எனக்கும் பையனுக்கும் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு.

இதே சமயத்தில் தோட்டத்திலும் தொல்லை. தீபாவளி கழித்து விதைத்த முள்ளங்கி நான்கு இலை விட்டதும் ஊசியால் குத்திய மாதிரி ஓட்டை. தொட்டால் கறுப்பாகப் பொடிப் பூச்சி தெறித்துக் குதிக்கிறது. மணி பகலில் அந்தப் பாத்தி ஓரமாகத்தான் படுப்பான். செடியிலிருந்துதான் அவனுக்குத் தொற்றுகிறது என்று நினைத்து, கடையில் வாங்கிய நாய்ப் பவுடரை மணிக்கும் போட்டு, பாத்தியிலும் தூவினேன். இரண்டும் குறையவில்லை. பூனைக்கும் குட்டிக்கும் அதையே கொஞ்சமாகப் போடலாமா?

பண்ருட்டி:

அக்கா, எங்கள் வீட்டில் நாய் படுக்கிற சாக்குக்கு அடியில் நான்கு பாச்சா உருண்டை போடுவோம். வேப்பிலையும் பரப்புவோம். ஓடிவிடும்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் பூனைக்கு அந்தப் பவுடரைப் போடாதீர்கள். டப்பாவைத் திருப்பி, பெர்மெத்ரின் அல்லது சைபர்மெத்ரின் என்று இருக்கிறதா பாருங்கள். நாய் தாங்கிக்கொள்ளும் அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. உடம்பு நடுங்கும், எச்சில் ஒழுகும், வலிப்பு வந்து உயிரே போகலாம். பூனை மணியோடு ஒட்டிப் படுக்கும் என்றால் இன்றைக்கே பிரித்து வையுங்கள். நடுக்கம் தெரிந்தால் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பாலோ எண்ணெயோ புகட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டாம்.

பண்ருட்டி தம்பி, பாச்சா உருண்டையும் வேண்டாம். அதன் ஆவியே நாய் பூனைக்கு ஆகாது, குட்டி கடித்துவிட்டால் பெரிய ஆபத்து. பூனை மேல் வேப்பெண்ணெய் பூசுவதும் கூடாது, நக்கி உள்ளே இழுத்துவிடும். தரைக்கு ஃபினாயில் ஊற்றுவதையும் நிறுத்துங்கள், பாதத்தில் ஒட்டுவதைத்தான் பூனை நக்குகிறது.

மணிக்கு இருப்பது தெள்ளா உண்ணியா என்று உறுதி செய்யுங்கள். இடுப்பிலும் வால் அடியிலும் நெருக்கப் பல் சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக ஏதாவது உதிர்ந்தால் ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். மண்ணாக இருந்தால் அப்படியே இருக்கும். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது நாயின் ரத்தம்.

மஞ்சக்குப்பம், கடலூர்:

டப்பாவில் பெர்மெத்ரின் என்றே இருக்கிறது. நல்ல வேளை, பூனைக்குப் போடவில்லை. மணியை வராந்தாவில் தனியாகக் கட்டிவிட்டேன். வாரிப் பார்த்தேன், சீப்பில் உயிரோடு முப்பத்தொன்று. பஞ்சு முழுக்கத் துருப் பிடித்த நிறம். பூனையின் மலவாய் ஓரத்தில் காய்ந்த அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. அதுவும் இதனால்தானா?

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

ஆமாம், அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளின் புழுப் பருவம் நாடாப்புழு முட்டையைத் தின்னும். வளர்ந்த தெள்ளைப் பூனை நக்கி விழுங்கும்போது புழு குடலுக்குப் போகிறது. எல்லா குடற்புழு மருந்தும் இதற்குக் கேட்காது. பிராசிகுவான்டெல் உள்ளதாக, எடை பார்த்து மருத்துவரிடம் வாங்குங்கள்.

குட்டியைத்தான் நினைத்துக் கவலையாக இருக்கிறது. உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகை, நாளைக்கு என்று தள்ளாதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டிக்குப் பெரும்பாலான தெள்ளு மருந்துகள் கூடாது. சீப்பால் வாரி, வருகிறதைச் சோப்புத் தண்ணீரில் தட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பொறுமையாக.

மணிக்கும் தாய்ப்பூனைக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். அவனுக்கு நாய்க்கானது, அதற்குப் பூனைக்கானது, பால் கொடுக்கிறது என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நக்க முடியாத பிடரியில், முடியை விலக்கித் தோலில் விடுகிற சொட்டு மருந்து அனேகமாக ஒரு மாதம் நிற்கும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள். குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் அங்கே வரலாம்.

இதோடு முடியாது. மணி மேல் நீங்கள் பார்ப்பது மொத்தத்தில் சிறு பங்குதான். பெண் தெள்ளு ஒரு நாளைக்கு நாற்பது முட்டை வரை இடும், அவை வழுக்கி அவன் படுக்கிற இடத்தில் உதிரும். பொரிக்கிற புழு, மேலிருந்து உதிரும் அந்த ரத்தத் தூளைத் தின்று தரை வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் கூடு கட்டும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் தொடாது. காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால் வெளியே குதிக்கும். நம் கடற்கரை ஈரக்காற்று இதற்குத் தோதானது. புழு காய்ந்தால் செத்துவிடும் என்பதால் வெயில்தான் துணை. படுக்கைத் துணிகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள், சாக்கை எரித்துவிட்டுப் புதிதாக மாற்றுங்கள். மாடிப்படிக்கு அடியில், கட்டில் கீழே, தரை வெடிப்பில் தினமும் பெருக்கிக் குப்பையைக் கட்டி வெளியே போடுங்கள். ராத்திரி தரையில் அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் சின்ன விளக்கு ஏற்றுங்கள். காலையில் மிதப்பதை எண்ணினால் குறைகிறதா கூடுகிறதா என்று தெரியும்.

மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் புதிது புதிதாக வரும். கூட்டிலிருந்து வருகிறவை அவை. பயந்து மருந்தைக் கூட்டாதீர்கள்.

நெல்லிக்குப்பம்:

தோட்டத்துக்கு நான் சொல்கிறேன், முப்பது வருடமாகக் காய்கறிதான். அது தெள்ளு இல்லை அம்மா, தெள்ளு மாதிரி குதிக்கிற வண்டு. ஒரு செலோடேப்பைப் பின்பக்கமாக விரலில் சுற்றி, இலை மேல் மெல்ல ஒற்றிப் பிடியுங்கள். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், கடுகைப் பாதியாக நறுக்கிய மாதிரி உருண்டையாகப் பளபளக்கும். முதுகில் இரண்டு கெட்டி ஓடும், பின்னங்கால் தடித்தும் தெரியும். நாய்த் தெள்ளைப் பிடித்துப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். அது பழுப்பு, இறக்கை கிடையாது, இரு பக்கமும் அமுக்கின மாதிரி ஒல்லியாக இருக்கும். விரலில் நசுக்கினாலும் நழுவும். வண்டுக்கு இலை, தெள்ளுக்கு ரத்தம். ஒன்று மற்றொன்றிடம் போகாது, மணி மேல் பழி வேண்டாம்.

பவுடர் தூவிய செடியைப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். கீரை என்று பறிக்கவும் வேண்டாம், மாட்டுக்கும் போட வேண்டாம். சாப்பிடுகிற பயிருக்கு அது இல்லை.

மறுபடி விதைக்கும்போது வேறு பாத்தி எடுங்கள். இந்த வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும். அதே இடத்தில் விதைத்து வலை போட்டால் வண்டு வலைக்கு உள்ளேயே முளைத்து வரும். விதைத்த அன்றே பழைய கொசுவலையை வளைத்த மூங்கில் குச்சி மேல் போர்த்தி, ஓரத்தை மண்ணால் மூடிவிடுங்கள். களையைச் சுத்தமாக வையுங்கள், காட்டுக்கடுகு மாதிரிச் செடியில்தான் தங்கும். முதல் மூன்று வாரம் தாண்டிவிட்டால் கொஞ்சம் ஓட்டை விழுந்தாலும் கிழங்கு கெடாது, கவலை வேண்டாம்.

தோட்டத்தில் வலை போடாத கத்தரிச் செடியும் இருந்தால், அதற்கு ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வைத்துப் பிழியுங்கள். சிட்டிகை சோப்புத்தூள் கலந்து மாலையில் இலையின் அடியிலும் படத் தெளியுங்கள், வாரம் ஒரு தரம். மஞ்சள் ஒட்டுப்பொறி இரண்டு கட்டுங்கள். காலைப் பனியில் சலித்த விறகுச் சாம்பல் தூவினாலும் வண்டு இலையில் தங்கப் பிடிக்காமல் போகும், மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். கத்தரி நாற்று வேண்டுமானால் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர் (இருபத்தைந்து நாள் கழித்து):

சொன்னபடி எல்லாம் செய்தோம். குட்டியின் ஈறு அன்றைக்கு வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. ஓடினோம், மருத்துவர் ஊசியும் சத்து மருந்தும் கொடுத்தார். இப்போது இளஞ்சிவப்பு, திரைச்சீலையில் ஏறித் தொங்குகிறது. தாய்க்கு அந்த அரிசி மாதிரி இப்போது தெரியவில்லை.

விளக்குத் தட்டில் முதல் நாள் பத்தொன்பது, பத்தாம் நாளும் பதினான்கு. அப்போது ரொம்பவே பயந்துபோனேன். லாஸ்பேட்டை அக்கா சொன்னதை மறுபடி படித்துவிட்டுத் தினமும் பெருக்கினேன். நேற்று ஒன்றுகூட இல்லை. மணியை வாரினால் இரண்டு வருகிறது. வால் அடியில் பூனைமயிர் மாதிரி மெலிதாக முடி முளைக்கிறது.

வேறு பாத்தியில் கொசுவலைக்குள் போட்ட முள்ளங்கி ஐந்து இலை, ஒரு ஓட்டை இல்லை. மணிக்கு அடுத்த சொட்டு மருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. குட்டிக்குப் பத்து வாரம் நெருங்குகிறது, அதையும் அன்றைக்கு எடை போட்டுக் கேட்கப் போகிறேன்.