2015 வெள்ளத்தில் முகம் தெரியாதவர்கள் செய்த உதவி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேற்கு மாம்பலத்திலிருந்து:

டிசம்பர் வந்தாலே எங்கள் தெருவில் 2015 சென்னை வெள்ளம் பற்றிய பேச்சு வந்துவிடும். செம்பரம்பாக்கம் ஏரியில் நொடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறந்ததும், அடையாறு ஊருக்குள் புகுந்ததும், அதற்கு யார் பொறுப்பு என்பதும் போதுமான அளவு பேசியாகிவிட்டது. அந்த நாட்களில் முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்குச் செய்ததை, அல்லது நீங்கள் இன்னொருவருக்குச் செய்ததை இங்கே எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

டிசம்பர் 2 காலை. கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. தி ஹிந்து பேப்பர்கூட வரவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகை, ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால் அன்றுதான் முதல் தடவையாகச் சென்னையில் அச்சாகவில்லை. ஆனால் பால்கார அம்மா வந்துவிட்டார். முழங்கால் அளவு தண்ணீரில், டப்பைத் தலையில் வைத்துக்கொண்டு. நகரத்தில் சில இடங்களில் ஒரு பாக்கெட் பால் நூறு ரூபாய்க்குப் போன நேரம் அது. இவர் பாக்கெட்டில் போட்டிருந்த விலைக்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை.

"பாதிதாம்மா கெடச்சுது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரங்க முன்னாடி வாங்க" என்றார்.

முதல் ஆளாக நின்றிருந்த மாடி வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் வரிசையின் கடைசிக்குப் போனார். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஒரு பெண், எங்களில் யாருக்கும் அவளைத் தெரியாது, இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்து இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டாள். பெரியவர் முறை வருவதற்குள் டப் காலி. "வரக்காப்பி போட்டுக் குடிச்சா போச்சு" என்று சிரித்துக்கொண்டே படியேறினார். மற்ற நாளில் காபி கொஞ்சம் தாமதமானாலே வீட்டை இரண்டாக்குகிறவர் அவர். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

முடிச்சூரிலிருந்து:

எங்களுக்குத் தரைத்தளம். நவம்பரில் வந்த தண்ணீரையே இன்னும் கழுவி முடித்திருக்கவில்லை, அதற்குள் மறுபடியும். மொட்டை மாடியில்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஆயாவுக்குச் சர்க்கரை, மாத்திரையெல்லாம் கீழே தண்ணீரில் போய்விட்டது.

மறுநாள் ஃபைபர் படகில் மீனவர்கள் வந்தார்கள். கடற்கரைக் குப்பத்திலிருந்து லாரியில் படகை ஏற்றி, தண்ணீர் தொடங்கும் இடத்தில் இறக்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் கேட், மதில், மூழ்கிய கார் என்று எதன் மேல் மோதும் என்றே தெரியாது. ஒரு தம்பி முன்னால் உட்கார்ந்து நீளக் கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். படகில் ஏற ஆயா பயந்து அழுதார். பெரியவராக இருந்தவர் கையை நீட்டி, "கடல்லயே கெடக்கிறவங்க நாங்க. இந்தத் தண்ணிக்கா பயப்படுற? வா ஆயா" என்றார். அப்படியே தூக்கி உட்காரவைத்து, தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்து அவர் தலையைத் துவட்டிவிட்டார்.

இறங்கும்போது அப்பா பணத்தை நீட்டினார். "டீசலுக்காவது வச்சுக்கோங்கண்ணே." அவர் வாங்கவில்லை. கோபம்கூட வந்தது. "சுனாமியில எங்களுக்கு ஊரே சோறு போட்டுச்சு சார்" என்றுவிட்டுப் படகைத் திருப்பினார். 2004-க்கும் அன்றைக்கும் இடையில் பதினோரு வருஷம். அதை அவர்கள் மறக்கவே இல்லை. பெயரைக் கேட்கலாம் என்று அப்பா வாயைத் திறப்பதற்குள் அடுத்த தெருவிலிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் அப்போது காலேஜ். சென்னையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. கடையெல்லாம் மூடியிருந்ததால் பேலன்ஸ் தீர்ந்தவர்கள் ரீசார்ஜ் செய்ய வழியில்லாமல் இருக்கிறார்கள் என்று நம்பர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஹாஸ்டலில் கையில் இருந்ததைப் போட்டு ஒவ்வொரு நம்பருக்கும் ஐம்பது ஐம்பதாக ஏற்றிவிட்டோம். இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா கூப்பிட்டார். "யாருப்பா நீ? எம் பையன் துபாய்ல இருக்கான், அவன்கிட்ட பேசிட்டேன்" என்று மட்டும் சொல்லி அழுதார். பணத்தை எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மெஸ்ஸில் அன்றைக்கு நாங்கள் பேசியது முழுக்க அந்த அம்மாவைப் பற்றித்தான்.

கோட்டூர்புரத்திலிருந்து:

ஒரு கல்யாண மண்டபத்தில் பொட்டலம் கட்டினேன். எலுமிச்சை சாதம், புளி சாதம், கெட்டுப்போகாத எதுவும். குடியிருப்பு வாரிய வீடுகளில் கொடுக்கப் போனபோது ஓர் அக்கா ஒன்று வாங்கிக்கொண்டார். வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை, கட்டில், மிக்ஸி, பிள்ளைகளின் சர்டிஃபிகேட் எல்லாம் போச்சு. சாயங்காலம் பார்த்தால் அதே அக்கா மண்டபத்தில் எங்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "நீங்க கட்டுற பொட்டலம் பிரிஞ்சு போவுது, இப்படி மடிங்க" என்று காட்டிக்கொடுத்தார். பூக்கடையில் வேலையாம், விரல் அவ்வளவு வேகம். ராத்திரி வரை கட்டினார். அவர் பேசிய பேச்சில் மண்டபமே கலகலவென்று இருந்தது.

மறுபடியும் முடிச்சூரிலிருந்து:

அந்தச் சுனாமிப் பேச்சு எங்கள் வீட்டில் அப்படியே தங்கிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் மறுபடியும் தண்ணீர். அதற்குள் நாங்கள் இரண்டாம் மாடிக்கு மாறியிருந்தோம். கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள், பெயர்கூடத் தெரியாது, பீகார்க்காரப் பையன்களும் இருந்தார்கள். அப்பா யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து எல்லோரையும் மேலே ஏற்றினார். அம்மா கஞ்சி வைத்தார், அந்தப் பையன்கள் எங்கள் கேஸ் அடுப்பில் ரொட்டி சுட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் வாடகை போல ஏதோ நீட்டினார்கள். அப்பா, அந்தப் படகுக்காரர் மாதிரியே, கோபித்துக்கொண்டார்.