கன்ட்ரோல் சர்ஃபேஸ்: ‘கட்டுப்பாட்டுப் பரப்பு’ வேண்டாம், ‘மடல்’ என்போம்

நண்பர்களே, வணக்கம்.

விமானத்தைச் சாய்க்கவும் திருப்பவும் அசையும் தகடுகளை ஆங்கிலத்தில் ‘கன்ட்ரோல் சர்ஃபேஸ்’ என்கிறோம். ‘கட்டுப்பாட்டுப் பரப்பு’ பாடநூலுக்குச் சரி, திடலில் வாயில் நுழையாது. ரேடியோ விமானத்தைப் பறக்கவிடும் முன் ஒருவர் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை அசைப்பார், இன்னொருவர் பார்த்துக் குரல் கொடுப்பார். சொல் அந்தக் குரலுக்குப் பொருந்த வேண்டும். அசைவது, ஓர் ஓரம் கீலில் நிற்க மறு ஓரம் எழுந்து தாழும் தகடு. காதுமடல் போல. ஆகவே ‘இயக்குமடல்’.

ஐலரான்: சாய்மடல். சிறகின் பின்விளிம்பில் இருந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது. பிரெஞ்சில் அதற்குச் ‘சிறு சிறகு’ என்றே பொருள். ஆனால் அது உருவத்தைத்தான் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை.

எலிவேட்டர்: நிமிர்மடல். வாலில் கிடையாக இருந்து மூக்கை நிமிர்த்தித் தாழ்த்துவது. ‘உயர்த்தி’ என்று வைத்தால் ஆபத்து. இழுத்தால் உயரும் என்று நம்பி, வேகம் குறைந்த விமானத்தில் ஸ்டிக்கை இழுப்பார்கள். மூக்கு மட்டும் நிமிரும், சிறகின் மேல் காற்றோட்டம் பிரியும், விமானம் விழும்.

ரட்டர்: சுக்கான். வாலில் செங்குத்தாக நின்று மூக்கை இடம் வலம் திருப்புவது. கடலூர் துறைமுகத்து விசைப்படகில் இருக்கும் சொல், மாற்ற வேண்டாம்.

சோதனையில் வைத்துப் பார்ப்போம். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு விமானத்து பேட்டரி. வால் பக்கம் நின்று, ஸ்டிக்கை வலப்புறம் தள்ளினால் வலது சாய்மடல் மேலே, இடது கீழே. கட்டைவிரலை ஸ்டிக்கின் மேல் நேராக நிறுத்தித் தள்ளுங்கள். விரல் சாயும் பக்கத்து மடல்தான் எழ வேண்டும். தன் பக்கம் இழுத்தால் நிமிர்மடல் மேலே. வலது சுக்கான் கொடுத்தால் பின்விளிம்பு வலப்பக்கம். டிரான்ஸ்மிட்டரில் வேறு மாடலின் மெமரி (சேமித்துவைத்த அமைப்பு) இருந்தால் திசை தலைகீழாகிவிடலாம். தரையில் ‘மடல் அசைகிறது’ என்று மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார். எனவே திசையைச் சொல்லித்தான் குரல் கொடுக்க வேண்டும்.

— புதுச்சேரியிலிருந்து

* * *

அய்யா, வணக்கம்.

சாய்மடல், நிமிர்மடல் இரண்டும் ஏற்கலாம். ‘இயக்குமடல்’ மட்டும் இடறுகிறது: மடல் இயக்குகிறதா, மடலை இயக்குகிறோமா? வெறும் ‘மடல்’ போதும். நம் குழுவில் அது கடிதம், திடலில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சிறகின் பின்விளிம்பில் உட்பக்கம் இருக்கும் ஃபிளாப்புக்குத் தாழ்மடல் சேர்த்துக்கொள்ளலாம், வழக்கமாக அது கீழ்நோக்கியே இறங்குவதால்.

இன்னும் இரண்டு சொல் வேண்டும். மடல் நடுநிலையிலிருந்து போகும் தூரம் வீச்சு. அகலமான இடத்தில் பின்விளிம்பை ஒட்டி ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்பது. ‘ஸ்லாப்’ என்பதற்கு மெக்கானிக் சொல்லும் ‘ஆட்டம்’ போதும். மடலை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, பின்விளிம்பை இரு விரலால் மெல்ல அசையுங்கள். சர்வோ கை நிற்க மடல் மட்டும் அசைந்தால் ஆட்டம் இருக்கிறது: க்ளெவிஸ் (சர்வோவையும் மடலையும் இணைக்கும் தள்ளுகம்பியின் முனைக் கவ்வி) ஊசியைவிட, மடலில் பொருத்திய கொம்பின் துளை பெருத்திருக்கும், அல்லது கீல் தளர்ந்திருக்கும். வேகத்தில் மடல் படபடத்துப் பிய்வது பெரும்பாலும் இதனால்தான். அதற்கு நேர்மாறு இறுக்கம். நம் கடற்கரை உப்புக்காற்றில் எஃகுக் கீல் ஊசி துருப்பிடித்தால் மடல் இறுகும். ஸ்டிக்கை விட்ட பிறகும் சர்வோ இரைந்துகொண்டே இருந்தால் தள்ளுகம்பியைக் கழற்றி மடலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தானாகத் தொங்கி விழ வேண்டும்.

— கடலூரிலிருந்து